நெவிலுக்கு ஏற்ற ஸ்கேனர்

நெவிலின் பழைய ஸ்கேனர் ஒரு நாள் திடீரென்று ஊமையாகிவிட்டது. பெட்டியில் கோளாறு ஒன்றும் இல்லை. வட்டாரத்துத் தீயணைப்புப் படைகள் எல்லாம் புது டிஜிட்டல் முறைக்கு மாறிவிட்டன. அவர்கள் தங்களுக்குள் ரேடியோவில் பேசிக்கொள்வதை எத்தனையோ வருடங்களாகப் பிடித்துத் தந்த அந்தக் கிழட்டுப் பெட்டிக்குப் புதிய பாஷை புரியவில்லை. சமையலறை அலமாரியில் உட்கார்ந்துகொண்டு வெறுமனே இரைந்தது.

வேறு வீடாக இருந்தால் குப்பையில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். நெவிலால் அப்படி முடியாது. வில்கரா ஊரின் தொண்டர் தீயணைப்புப் படையின் வண்டியை முன்பு ஓட்டியவர் அவர்தான். பிறகு அவருடைய பார்வையின் நடுவில் ஒரு சாம்பல் வட்டம் வந்து குந்திக்கொண்டது. ஓரத்தில் பறக்கிற ஈ தெரியும், எதிரே நிற்கிற ஆளின் முகம் தெரியாது. ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்த வாரமே அவர் மனைவி ரோண்டா வண்டியில் ஏறிவிட்டாள். இப்போது அந்த வண்டிக்கு அவள்தான் தலைவி. தீ என்று பேஜர் அலறினால் அவள் மஞ்சள் அங்கியை மாட்டிக்கொண்டு ஓடுவாள். ஓடுகிறவளுக்கு வேலை இருக்கிறது. வீட்டில் இருக்கிறவருக்குப் பயத்தைத் தவிர என்ன இருக்கிறது? அவள் உயிரோடு இருக்கிறாளா என்று அவ்வப்போது காதில் விழவேண்டும். அதற்குத்தான் அந்தப் பெட்டி.

"எனக்கும் நீ கேட்டுட்டு இருக்கணும் நெவ்," என்றாள் ரோண்டா. "வேற ஒண்ண வாங்கலாம். ஆனா சுலபமானதா இருக்கணும். நீ அதோட மல்லுக்கட்டி அதச் சுவத்துல விட்டெறியறதுக்கு நான் வாங்கித் தர மாட்டேன்."

யோசனை சொல்ல வெர்னாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வெர்னா அடுத்த பண்ணைக்காரி. புருஷன் போன பிறகு தனியாக ஆடு மேய்க்கிறாள். ஸ்கேனர் கேட்பதில் ஊரில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. பெரிய ஊர்க் கடையில் விற்பனையில் நின்ற பெண் ஒவ்வொரு பெட்டியாக எடுத்து வைத்தாள். ஒன்றில் கைபேசியைப் போல வழவழவென்று கண்ணாடி மட்டும்தான். நெவில் அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"இதுல பொத்தான் எங்க?"

"பொத்தானே கிடையாது சார். தொட்டாப் போதும்."

"எங்க தொட?"

"திரையில எழுதியிருக்கும் பாருங்க."

"என்னால பாக்க முடிஞ்சா நான் ஏன்மா கேக்கற பெட்டி வாங்க வரேன்," என்றார் நெவில். அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. ரோண்டா கணவனின் விலாவில் ஓர் இடி இடித்தாள்.

அடுத்ததில் கடுகைக் கொட்டினாற்போலப் பொத்தான்கள். கண்ணை மூடிக்கொண்டு, "ஒலியக் கூட்டறேன் பாரு," என்று எதையோ அழுத்தினார். பெட்டி அணைந்தே போனது. அதையும் தள்ளி வைத்தார்கள். கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று வெர்னா கைகாட்டியது. திரை கிடையாது, இரண்டு திருகு, ஒரு பொத்தான். வேண்டிய நான்கைந்து அலைவரிசைகளை ஒருவர் உட்கார்ந்து கையால் பதிந்து கொடுக்கவேண்டும். மற்றது கடைப்பெண் மெச்சியது. அஞ்சல் குறியீட்டு எண்ணைப் போட்டால் போதும், அந்த வட்டாரத்தில் யார் பேசினாலும் தானே தேடிப் பிடித்துவிடும். முன்பக்கம் பிஸ்கட் அளவுக்கு ஒரே ஒரு பெரிய பொத்தான். ஒரு தட்டு தட்டினால் அடுத்த பேச்சுக்குத் தாவும். அழுத்திப் பிடித்தால் அப்போது பேசுகிற அலைவரிசையை ஒரேயடியாக வாயடைத்துவிடும்.

"இத எடுக்காத நெவ்," என்றாள் வெர்னா. "எளிசா ஆரம்பிக்கிறது வேற, எளிசாக் கேக்கறது வேற. இது ஊர்ல இருக்கற குப்ப லாரி வரைக்கும் புடிச்சுத் தரும். நான் உனக்கு அஞ்சே அஞ்சு பதிஞ்சு தரேன்."

"பாவம், உனக்கு எதுக்கு வெர்னா சிரமம்?"

சிரமம் என்பது சாக்கு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்து வீட்டுக்காரி வந்து பெட்டியைத் திருகிவிட்டுப் போகவேண்டும் என்பதை நெவிலால் பொறுக்க முடியவில்லை. கார் ஓட்ட ஒருத்தி வேண்டும், கடிதம் படிக்க ஒருத்தி வேண்டும், இதுவாவது தன் கையால் ஆகட்டும் என்ற வீம்பு. அஞ்சல் எண் பெட்டியையே வாங்கிவிட்டார். அந்த வீம்பை நான் குறை சொல்லமாட்டேன். பார்வை போன மனுஷனுக்கு அது ஒன்றுதான் கைத்தடி.

வெர்னா சொன்னபடியேதான் ஆயிற்று. புதுப்பெட்டி வாய் ஓயாமல் பேசியது. நகரசபைக் குப்பை லாரிகள், பள்ளிக்கூடப் பேருந்துகள், தெருநாய் பிடிக்கிறவர், எல்லாம் நெவிலின் சமையலறைக்குள் வந்து குடியேறின. ஒரே மாதத்தில் ஊர்ச் சமாசாரம் அத்தனையும் அவர் விரல்நுனியில். அஞ்சல் நிலையத்தின் வாசலில் நின்றுகொண்டு யார் நாய் யார் கோழியைக் கடித்தது என்று அளக்க ஆரம்பித்தார்.

ரோண்டா ஒரு நாள் பிடித்துக்கொண்டாள். "நெவ், நம்ம ஊர் வழக்கம் மறந்து போச்சா? ஸ்கேனர்ல கேட்டது சமையக்கட்டத் தாண்டக் கூடாது."

"நாய் விஷயந்தானே ரோண்டா."

"இன்னிக்கு நாய். நாளைக்கு யார் வீட்டு ஆளோ."

அது உண்மையில் வில்கராவின் பழைய வழக்கம். ஸ்கேனரில் ஒரு கெட்ட செய்தி வந்தால், சம்பந்தப்பட்ட குடும்பத்துக்குப் படையிலிருந்து ஆள் போய்ச் சொல்லும்வரை கேட்டவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். தொலைபேசியும் அடிக்கமாட்டார்கள். அதற்குப் பதிலாக அடுப்பில் இருப்பதை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போவார்கள். தட்டை மேசையில் வைத்துவிட்டு வெயிலைப் பற்றியும் ஆட்டு மயிரின் விலையைப் பற்றியும் பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். செய்தி வரும்போது அந்த வீட்டில் யாரும் தனியாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு. வெர்னாவின் புருஷன் டிராக்டருக்கு அடியில் கிடந்த அன்று நெவிலும் ரோண்டாவும் சூப் பானையோடு அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தப் பக்கம் கோடை உச்சத்தில் இருக்கிற ஜனவரியில், வடக்கிலிருந்து அனல்காற்று அடித்த ஒரு நாள், காலைச் சிற்றுண்டி முடிவதற்குள் பேஜர் அலறியது. கிழக்கே அறுவடை முடிந்த கோதுமைத் தாளில் தீ. சரிவில் இருக்கும் புதர்க்காட்டை நோக்கிப் போகிறது. ரோண்டா பாதி டோஸ்டை வாயில் வைத்துக்கொண்டே பூட்சை மாட்டினாள்.

"பெட்டியப் போட்டுக்கோ. நாய வெளிய விடாத. கூரைத் தெளிப்பானத் தொறந்து வை."

"நான் இந்த வேலைக்குப் புதுசா?"

"இல்ல, என் புருஷன்," என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

நெவில் மேசையருகே உட்கார்ந்தார். "வில்கரா முப்பத்திநாலு, ஐந்து பேருடன் புறப்பட்டுவிட்டது," என்று ரோண்டாவின் குரல் வந்தது. முப்பத்திநாலு என்பது வண்டியின் பெயர். அதைக் கேட்டதும் அவருக்குத் தெம்பாக இருந்தது. அதற்குள் குப்பை லாரிக்காரர்கள் இரண்டு பேர் சாலையில் விழுந்த மரத்தை யார் நகர்த்துவது என்று சண்டை போட ஆரம்பித்தார்கள். பெட்டி ஒரு வாய் ரோண்டாவையும் இரண்டு வாய் லாரியையும் மாற்றி மாற்றி ஊட்டியது. நெவிலுக்கு எரிச்சல் தலைக்கேறியது. இந்தக் குப்பையை இன்றைக்கு ஒழித்தே தீருவது என்று பெரிய பொத்தானை அழுத்திப் பிடித்தார்.

அவர் விரல் இறங்கியதும் பெட்டி லாரியை விட்டுத் தீயணைப்பு அலைவரிசைக்குத் தாவியதும் ஒரே நேரத்தில் நடந்தது. ஸ்கேனர் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் ஒரு முறையாவது இப்படி வேறு யாரையோ வாயடைத்திருப்பார்கள். பார்வை உள்ளவர்கள் திரையைப் பார்த்துத் திருத்திக்கொள்வார்கள். நெவில் வாயடைத்தது அன்றைய தீ முழுவதையும். அது அவருக்குத் தெரியாது.

அதன்பின் லாரிக்காரர்கள் மட்டும்தான் எப்போதாவது முனகினார்கள். பொத்தான் சரியாகப் பிடிபடவில்லை போலிருக்கிறது, சத்தம் குறைந்ததே போதும் என்று விட்டுவிட்டார். மரத்தை எடுத்துவிட்டோம் என்றார்கள். மதியச் சாப்பாட்டுக்கு எங்கே போகலாம் என்றார்கள். தீயைப் பற்றிப் பேச்சே இல்லை. பேச்சு இல்லை என்றால் சுற்றி வளைத்து ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அத்தனை வருடம் வண்டி ஓட்டிய அனுபவம் அவருக்கு அப்படிச் சொன்னது. தேநீர் போட்டுக் குடித்தார். நாய்க்கு முடி வாரிவிட்டார். இடையில் நாற்காலியில் சாய்ந்து கொஞ்சம் கண்ணயரவும் செய்தார்.

வெர்னாவின் கார் முற்றத்தில் வந்து நின்றது. அவள் கையில் சூடான தட்டு. இறைச்சியும் உருளைக்கிழங்கும் பொதிந்த பேஸ்டியின் மணம் அவளுக்கு முன்னால் உள்ளே வந்தது.

"வா வெர்னா. என்ன விசேஷம்?"

"ஒண்ணும் இல்ல. நெறையச் சுட்டுட்டேன்," என்றாள். "நீ எப்படி இருக்க நெவ்?"

"எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கேன்."

வெர்னா தொட்டியருகே போய்க் கழுவி வைத்திருந்த கோப்பைகளை மறுபடி கழுவினாள். சிறிது நேரத்தில் கிளெம் வந்தார். நெவிலோடு ஒரே வண்டியில் தீயணைத்தவர், ஊரில் நெவிலை வாய்க்கு வந்தபடி பேச உரிமை உள்ள ஒரே ஆள். ஃபிரிட்ஸ் என்கிற இறைச்சித் துண்டும் தக்காளிச் சாஸும் வைத்த சாண்ட்விச்களை ஒரு பெரிய டப்பாவில் கொண்டுவந்திருந்தார்.

"இன்னா கிளெம், ஒம் பொண்டாட்டி வீட்ட விட்டு வெரட்டிட்டாளா?"

"ஆமா, அப்படித்தான் வச்சுக்கயேன்," என்றார் கிளெம். "வெயில் ஜாஸ்தி, இல்ல?"

"வெயில விடு. நம்மாளு இந்நேரம் தீயத் திட்டியே அணைச்சிருப்பா. என்னையே அணைச்சுட்டாளே, தீ எம்மாத்திரம்?"

நெவில் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. இந்த மனுஷனுக்கு என்ன நெஞ்சழுத்தம் என்று வெர்னாவும் கிளெமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் இப்படி இருக்கிறார் என்பது அவர்கள் நினைப்பு. தேவாலயத்துக்குப் பக்கத்து வீட்டுக் கணவனும் மனைவியும் மூன்றாவதாக வந்து எதையோ மேசையில் வைத்துவிட்டுச் சுவரோரமாக நின்றார்கள். ஆட்டு மயிர் இந்த வருடம் நல்ல விலைக்குப் போகும் என்றார் அந்தக் கணவன். யாரும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

நெவில் பேஸ்டி எடுக்கக் கையை நீட்டினார். விரல் முதலில் ஒரு சூடான தட்டில் பட்டது, அடுத்து ஒரு டப்பாவில். அதற்கும் அப்பால் ஒரு கண்ணாடிப் பாத்திரம், ஈரத் துண்டு போட்டு மூடியிருந்தது. கை அங்கேயே நின்றுவிட்டது. இப்படிப்பட்ட மேசையை அவர் பார்த்திருக்கிறார். வெர்னாவின் வீட்டில் பார்த்திருக்கிறார்.

"வெர்னா," என்றார். "யாரு?"

"நெவ்..."

"யாருன்னு கேக்கறேன்."

"நீ கேக்கவே இல்லையா?" என்றார் கிளெம். அவர் குரல் மாறிவிட்டது. "பெட்டி பக்கத்துலதானேய்யா உக்காந்திருக்க?"

"இதுல குப்ப லாரியத் தவிர ஒண்ணும் வரலடா. சொல்லித் தொலை."

கிளெம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "காத்து திரும்பிடுச்சு. வில்கரா முப்பத்திநாலு மேடேன்னு உயிராபத்துக் கூப்பாடு குடுத்துச்சு. ரோண்டாதான் சொன்னா. தீ மேல வருது, வண்டிக்குள்ள தீ தாங்கற கம்பளி போத்திக்கறோம்னா. அதுக்கப்புறம் அவங்க சத்தம் இல்ல. கூப்பிட்டுட்டே இருக்காங்க."

நெவிலுக்கு அந்த வண்டியின் உட்புறம் ஒவ்வோர் அங்குலமும் தெரியும். கம்பளி எந்த இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது, வண்டிமேல் தண்ணீர் தெளிக்கிற திருகு எந்தப் பக்கம் திரும்பும், தண்ணீர் தீர எவ்வளவு நேரமாகும், எல்லாம் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவளோட யாரெல்லாம்?"

கிளெம் கொஞ்சம் தயங்கினார். "நம்ம டெஸ்ஸும்தான்."

டெஸ் கிளெமின் மகள். நெவில் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, ஓரப்பார்வையில் அவரைத் தேடினார். "உன் பொண்ணு அங்க இருக்கா. நீ இங்க வந்து எனக்கு சாண்ட்விச் குடுத்துட்டு இருக்கியா?"

"எங்க வீட்ல அவ அம்மா இருக்கா, அக்காக்காரி இருக்கா, வீடு நெறைய ஆளு. உனக்கு யாருய்யா இருக்கா, இந்த நாயத் தவிர?"

நெவில் கையை நீட்டினார். கிளெம் அதைப் பிடித்துக்கொண்டார்.

வெர்னா அதற்குள் பெட்டியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டாள். "நீ தீயணைப்பத்தான் வாயடைச்சு வச்சிருக்க," என்றாள். சொன்னேனே என்று அவள் சொல்லவில்லை. சொல்ல முழு உரிமையும் இருந்தது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்டதற்காகவே அவளுக்குக் கோயில் கட்டலாம். எதையோ அழுத்தினாள், மறுபடி அழுத்தினாள். சமையலறைக்குள் ஒரு பெண்ணின் குரல் வந்தது. கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருக்கிற முகம் தெரியாத ஒருத்தி.

"வில்கரா முப்பத்திநாலு, கேக்குதா? வில்கரா முப்பத்திநாலு, கேக்குதா?"

கூப்பிட்டாள், நிறுத்தினாள், மறுபடி கூப்பிட்டாள். சலிப்பில்லை, படபடப்பில்லை. அவளும் மனுஷிதானே, அவளுக்கும் உள்ளே நடுங்கியிருக்கும். விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நாய் எழுந்து வந்து நெவிலின் காலடியில் படுத்தது. கிளெமின் பிடி இறுகி விரல் எலும்பு வலித்தது. அந்த வலியும் நெவிலுக்கு வேண்டியிருந்தது.

பெட்டி கரகரத்தது.

"வில்கரா முப்பத்திநாலு. கேக்குது," என்றது ரோண்டாவின் குரல். "அஞ்சு பேரு. அஞ்சு பேரும் நல்லா இருக்கோம். வண்டி நகராது, டயர் போச்சு. ஒரு வண்டி அனுப்புங்க. குடிக்கத் தண்ணியும் குடுத்து விடுங்க. அவசரம் இல்ல."

மளிகைக் கடையில் சாமான் சொல்கிற குரல். வெர்னா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கிளெம் நெவிலின் கையை விடாமலேயே இன்னொரு கையால் ஒரு பேஸ்டியை எடுத்துக் கடித்தார். கடித்ததை மெல்ல முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு பேஸ்டியும் கையுமாக எழுந்து, தன் மனைவியைக் கூப்பிடத் தொலைபேசியைத் தேடினார். நெவில் மேசையில் நெற்றியை வைத்துக்கொண்டார். "ரொம்ப நன்றி," என்றார். யாருக்கு என்று சொல்லவில்லை. கட்டுப்பாட்டு அறைப் பெண்ணுக்கா, கம்பளிக்கா, வந்து நின்றவர்களுக்கா, மேலே இருக்கிறவருக்கா? எல்லாருக்கும் சேர்த்துத்தான் சொன்னார். பிறகு தலையை நிமிர்த்தி, ஒவ்வொருவர் பெயரையும் சொல்லித் தனித்தனியாக இன்னொரு முறை சொன்னார்.

வெயில் தாழும் நேரத்தில் கிளெம் தன் வண்டியில் போய் ரோண்டாவையும் டெஸ்ஸையும் கூட்டிவந்தார். புகை நாற்றம் அவர்களோடு உள்ளே வந்தது. டெஸ் நெவிலைக் கட்டிக்கொண்டாள்.

"ஒங்க பொண்டாட்டி மனுஷியே இல்ல அங்கிள். மேல நெருப்பு ஓடுது, கம்பளிக்குள்ள உக்காந்துகிட்டு, 'டெஸ், கைய உள்ள இழு, மூக்க மூடு, இன்னும் கொஞ்ச நேரந்தான்'னு பஸ்ஸுக்குக் காத்திருக்கற மாதிரி பேசிட்டே இருந்தாங்க. அந்தக் குரலப் புடிச்சுட்டுத்தான் நாங்க நாலு பேரும் இருந்தோம்."

எல்லாரும் சாப்பிட்டுவிட்டுத் தட்டுகளை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். ரோண்டா பூட்சைக் கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நெவில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து அவள் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். முகம் தெரியவில்லை. கை இருந்தது, சூடாக இருந்தது, போதும்.

"மைக்க எடுத்தப்பக் கத்தத்தான் வந்துச்சு நெவ்," என்றாள். "அப்புறம் நெனச்சேன், நீ இங்க இந்தப் பெட்டி பக்கத்துல உக்காந்து கேட்டுட்டு இருப்ப. என் குரல் ஆடினா உன் உசுரு போயிடும். அதான் அப்படிப் பேசினேன். கம்பளிக்குள்ளயும் நீ கேட்டுட்டு இருக்கன்னு நெனச்சுக்கிட்டேதான் பேசினேன். அங்க மைக் கூடக் கையில இல்ல. பசங்க எனக்குத் தைரியம்னு நெனச்சுட்டாங்க."

நெவில் கேட்கவில்லை என்பதை வெர்னாவும் கிளெமும் சொல்லமாட்டார்கள், அவர்கள் வில்கராக்காரர்கள். இவரும் சொல்லாமல் விட்டுவிடலாம். ஆனால் அந்தக் கைக்கு முன்னால் அவருக்குப் பொய் வரவில்லை.

"ரோண்டா, நான் கேக்கல. கடைசியில நீ அஞ்சு பேரும் நல்லா இருக்கோம்னு சொன்னியே, அது மட்டுந்தான் கேட்டேன். மத்த நேரம் முழுக்கப் பெட்டியத் தப்பா அழுத்திட்டு, குப்ப லாரியக் கேட்டுட்டு உக்காந்திருந்தேன். கொஞ்சம் தூங்கக்கூடத் தூங்கினேன்."

ரோண்டா கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை, தோள் மட்டும் குலுங்குவது கையில் தெரிந்தது.

"நல்லவேள," என்றாள் கடைசியில். "அங்க எனக்கு அது தெரியாமப் போச்சு."